குழவி புஷ்ஷில் மிச்சம் பிடித்த அறுபது ரூபாய்

திருப்பூரில் மாவுக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மே மாதம் காலை ஐந்தரை மணிக்குப் போன் செய்தார். ஜனவரியில் எங்கள் கிரைண்டர் பட்டறையிலிருந்து போன 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்த்து மாவு எடுக்கும் வகை) அவருடையது. "தம்பி, மெஷின்ல கருகுற வாசனை வந்து நின்னு போச்சுங்க. பாதி ஆட்டுன மாவு உள்ள கெடக்குது" என்றார். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஆட்டி, பாக்கெட் போட்டு, எட்டு மணிக்குள் கடைகளுக்குக் கொடுக்கிற வீடு அது. மெஷின் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை.

போய்ப் பார்த்தேன். மோட்டார் வைண்டிங் எரிந்திருந்தது. மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்து வந்து, காப்பர் வைண்டிங் புதிதாகக் கட்டி, இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தேன். கடைசி தெருவில் வீடு, வோல்டேஜ் 205தான் காட்டியது. அதனால் எரிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் மறுபடி போன். இந்த முறை மோட்டார் எரியவில்லை. "மாவு தொட்டா சூடா இருக்குது தம்பி. ஆட்டுறதுக்கு முன்னைவிட நேரமும் ஆகுது. ரெண்டு ஈடு ஊத்திப் பார்த்தேன், இட்லி கல்லாட்டம் வருதுங்க." இதற்கிடையில் அதே வரிசையில் போன வேறு மூன்று மெஷின்களிலிருந்தும் புகார் வந்துவிட்டது. ஒன்றில் மோட்டார் போயிருந்தது, இரண்டில் சத்தமும் சூடும். பன்னிரண்டு மெஷின் செய்ததில் நான்கு. தற்செயல் என்று சொல்லிக்கொள்ள முடியாத கணக்கு.

அந்தப் பன்னிரண்டுக்கும் ஒரு பின்னணி உண்டு. ஒரு டீலர் மொத்தமாக ஆர்டர் கொடுத்தார், மெஷினுக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னார். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிற ஊர் எங்கள் கோவை. நான் மறுத்தால் அடுத்த சந்தில் ஒருவர் சம்மதிப்பார். எனவே உட்கார்ந்து, எங்கே குறைக்கலாம் என்று யோசித்து மூன்று இடத்தில் கை வைத்தேன்.

முதலாவது, வெளி பாடி ஷீட். முன்பு அதையும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்துகொண்டிருந்தேன். இந்த வரிசைக்கு 202 என்ற மலிவு ரகம். ஒரு மெஷினுக்குச் சுமார் 14 கிலோ ஷீட், நான் வாங்கிய அன்று கிலோவுக்கு 70 ரூபாய் வித்தியாசம். 980 ரூபாய் மிச்சம். இரண்டாவது, டிரம் ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு 6206 பேரிங். ரப்பர் சீல் போட்டதற்குப் பதிலாக இரும்புத் தகடு மூடிய வகை. 100 ரூபாய் மிச்சம். மூன்றாவது, குழவிகளுக்குள் இருக்கும் புஷ், அதாவது குழவி ராடு நுழையும் சின்னக் குழாய். இரண்டு குழவிக்கு நான்கு புஷ். டெர்லின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்துகொண்டிருந்ததை நைலானுக்கு மாற்றினேன். புஷ்ஷுக்குப் பதினைந்து ரூபாய், நான்குக்கும் சேர்த்து அறுபது.

மொத்தம் 1,140. ஆயிரத்தைக் குறைத்துவிட்டு 140 ரூபாய் கையில் நிற்கிறதே என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த முறை திருப்பூருக்கு, வயரைக் கவ்வி கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு போனேன், எங்கள் லேத் ஓட்டும் டர்னர் அண்ணனும் கூட வந்தார். அக்கா அரிசி போட்டு ஆட்டத் தொடங்கினார். வயரில் மீட்டரை மாட்டினால் 8.2 ஆம்பியர். மோட்டார் தகட்டில் இருப்பதே 6.8தான். குழவிகளைத் தூக்கிவிட்டு டிரம்மை மட்டும் ஓட்டினேன், 4.1க்கு இறங்கியது. ஆக மோட்டார், பெல்ட், டிரம் எல்லாம் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, பாரம் குழவியில் இருக்கிறது என்று தெரிந்தது.

குழவியைக் கழற்றிக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கூம்புக் கல்லின் ஒரு பக்கத்தில் மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு, கண்ணாடி போல வழவழப்பாக ஒரு தட்டை. மற்ற பக்கமெல்லாம் கொத்திய சொரசொரப்பு அப்படியே இருந்தது. உருள வேண்டிய கல் உருளாமல் ஒரே இடத்தில் நின்று, கீழ்க்கல் அதன் மேல் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. அது ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். அப்படிப்பட்ட கல்லில் அந்த அளவு தட்டை விழ எத்தனை நாள் தேய்ந்திருக்க வேண்டும்? அந்த நாளெல்லாம் அக்கா கொடுத்த மாவு சூடேறித்தான் போயிருக்கிறது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

டர்னர் அண்ணன் குழவி ராடைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். வரவில்லை. வைஸில் வைத்து மரக்கட்டையால் தட்டித்தான் ராடை வெளியே எடுத்தோம். ராடு 25.00 மில்லிமீட்டர், அதில் துரு இல்லை, கீறல் இல்லை. புஷ் துளை நாங்கள் செய்தபோது 25.15. இப்போது அளந்தால் 24.9 சொச்சம்.

"ஓட்டை எப்படிங்க சின்னதாகும்?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஓட ஓடத் தேய்ந்து பெரிதாவதுதானே வழக்கம்.

நைலான் தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு குடிக்கும், குடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அளந்து பார்த்ததில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் அதைச் செய்தோம். செலவு ஏறக்குறைய இல்லாத சோதனை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

புது நைலான் புஷ் ஒன்று, டெர்லின் புஷ் ஒன்று. இரண்டுக்கும் வெளி விட்டம் 35.05, துளை 25.15, நீளம் 40. பக்கத்து நகைக்கடைத் தராசில் எடை போட்டோம். நைலான் 21.5 கிராம், டெர்லின் 26.6 கிராம். ஊற வைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கொதிக்க வைத்தால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும் என்றார் டர்னர் அண்ணன். டீ போடுகிற அடுப்பில் ஒரு பழைய பாத்திரத்தை வைத்து, இரண்டையும் போட்டு, தண்ணீர் வற்ற வற்ற ஊற்றி ஐந்து மணி நேரம் கொதிக்க வைத்தோம். பிறகு ராத்திரி முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஆற விட்டோம். சூட்டோடு அளந்தால் சூட்டுக்கு விரிந்ததும் சேர்ந்து கணக்கு தப்பிவிடும்.

காலையில் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரில் பார்த்தோம். டெர்லின் வெளி விட்டம் 35.10, எடை 26.7. ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நைலான் 35.38, எடை 22.5. ஒரு கிராம் தண்ணீர் குடித்து, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பெருத்திருந்தது.

தனியாக மேஜையில் இருக்கும்போது அது வெளிப்பக்கமாகப் பெருத்துக்கொள்கிறது. குழவிக்குள் இறுக்கி அடித்த புஷ்ஷுக்கு வெளியே இடம் ஏது? சுற்றிலும் கருங்கல். பெருத்ததெல்லாம் உள்பக்கம் வந்து துளையைச் சுருக்கி, நான் விட்டிருந்த 0.15 இடைவெளியைத் தின்று, ராடைக் கவ்விப் பிடித்துவிட்டது. புஷ்ஷின் சுவர் கனமானது, தண்ணீர் நடுப்பகுதிவரை போக மாதக்கணக்கில் ஆகும். ஜனவரியில் போன மெஷின் மே வரைக்கும் ஒழுங்காக ஓடியதற்குக் காரணம் அதுதான். பட்டறையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்புகிற டெஸ்டில் இது ஒருநாளும் பிடிபடாது.

இப்போது மே மாதம் நடந்ததும் விளங்கியது. குழவி இறுக, கரன்ட் ஏறி, குறைந்த வோல்டேஜும் சேர்ந்துகொள்ள வைண்டிங் எரிந்தது. நான் மோட்டாரைக் கட்டிக் கொடுத்து, இறுகிய குழவியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஜூன் வரை தாங்கியதே அந்தப் புது வைண்டிங்கின் புண்ணியம்.

இனி ரிப்பேர். கல்லுக்குள் இறுகிய புஷ்ஷை எடுக்கக் கல்லைச் சூடு காட்டலாம் என்று பையன் ஒருவன் சொன்னான். வேண்டாம் என்று தடுத்தேன். கருங்கல் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விட்டுவிடும். ஹேக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்து, புஷ்ஷை நீளவாக்கில் இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டை உளியால் உள்பக்கம் மடக்கினால் மீதி தானாகக் கழன்று வருகிறது. பிளேடு கல்லைத் தொடுவது சத்தத்திலேயே தெரியும், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புதுப் புஷ்ஷுக்கு என்ன போடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. டர்னர் அண்ணனுக்குக் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவை மேல் நம்பிக்கை. தேயாது, பெருக்காது, லேத்தில் அழகாக வரும். ஆனால் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் கன்மெட்டலில் ஈயம் கலந்திருக்கும். தேய்கிற தூள் போகிற இடம் இட்லி மாவு. அதை மனதால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டெர்லினுக்கே திரும்பினோம், அதிலும் கறுப்பு வேண்டாம், சாயம் சேர்க்காத வெள்ளை.

டெர்லினில் ஒரு சிக்கல், எந்தப் பசையும் அதை ஒழுங்காகப் பிடிக்காது. வழவழப்பான புஷ்ஷைப் பசை தடவிக் கல்லில் இறக்கினால் கொஞ்ச நாளில் புஷ் கல்லுக்குள்ளேயே சுற்றத் தொடங்கும். எனவே வெளிப்புறம் மூன்று வளையக் காடியும் நீளவாக்கில் இரண்டு வெட்டும் போட்டு, அரால்டைட் பசை அந்தக் காடிகளில் நிறைந்து இறுகும்படி செய்தோம். பசை பிடிக்காவிட்டாலும் காடி பிடிக்கும். இறக்கிய பிறகு துளை லேசாகச் சுருங்கும் என்பதால், ஒரு நாள் காய விட்டு, கடைசியில் துளையைச் சீர்செய்யும் ரீமர் விட்டு 25.20க்குக் கொண்டுவந்தோம். கையால் குழவியைச் சுண்டினால் நான்கைந்து சுற்று தானாகச் சுற்றி நிற்கிறது. அந்தச் சுற்றைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது.

தட்டை விழுந்த பக்கத்தைத் தேய்த்துச் சமன் செய்து, கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டுப் புதிதாகக் கொத்தினோம். அது அரை நாள் வேலை.

டிரம்மைக் கழற்றியதும் பேரிங்கையும் பார்த்துவிடலாம் என்று இறக்கினேன். பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த போன் அதற்காக வந்திருக்கும். கிரீஸ் காப்பித் தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் மெஷினைக் குழாய் போட்டு அடித்துக் கழுவுவார்கள். அதில் தப்பே இல்லை, மாவு படும் சாமானை அப்படித்தான் கழுவ வேண்டும். தகடு மூடிய பேரிங்கில் தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. தூசியைத் தடுக்க அந்தத் தகடு போதும், தண்ணீரைத் தடுக்கப் போதாது. ரப்பர் சீல் உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டே சுற்றுவதால் தண்ணீர் எளிதில் நுழையாது. நான் நூறு ரூபாய்க்காகத் திறந்து வைத்த வாசல் இது. மீண்டும் ரப்பர் சீல் போட்டு, மேலே ஆயில் சீலையும் மாற்றினேன்.

மூன்று மாற்றத்தில் இரண்டு இப்படி. மூன்றாவதான 202 ஷீட் எப்படி இருக்கிறது என்று நான்கு மெஷினிலும் இஞ்ச் இஞ்சாகப் பார்த்தேன். பாடியில் துரு இல்லை. ஒரே ஒரு மெஷினில் காலுக்கு அருகே வெல்டிங் போட்ட இடத்தில் மட்டும் பழுப்புக் கோடு. வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய பகுதியைப் பிக்கிளிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசை போட்டு எடுக்காமல் விட்டதுதான் காரணம், ஷீட் மேல் பழி சொல்ல முடியாது.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 1,140 ரூபாய் மிச்சத்தில் 980 ரூபாய் ஷீட்டிலிருந்து வந்தது, அது ஒரு தொந்தரவும் தரவில்லை. டீலர் கேட்ட ஆயிரத்துக்கு இருபதே ரூபாய்தான் குறை. தொந்தரவு அத்தனையும் மீதி 160 ரூபாயிலிருந்து வந்தது. புஷ்ஷில் பன்னிரண்டு மெஷினுக்கும் சேர்த்து நான் மிச்சம் பிடித்தது 720 ரூபாய். நான்கு மெஷினுக்கு இதுவரை செலவு செய்தது, வைண்டிங் 2,200 வீதம் இரண்டு, போக்குவரத்து 900 வீதம் நான்கு, இரண்டு பேர் ஒரு நாள் கூலி 1,600 வீதம் நான்கு, ஆக 14,400. அக்கா ஆட்ட முடியாமல் போன நாட்களுக்கும், சூடான மாவை வாங்கிப் போன வாடிக்கையாளர்களுக்கும் நான் விலை போடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். மாவோ தண்ணீரோ அதைத் தொடுமா, அது கெட்டால் மெஷின் நிற்குமா, மாற்ற எத்தனை மணி நேரம். புஷ் மூன்றிலும் மோசமான இடத்தில் வருகிறது. வெளி ஷீட் கழுவுகிற தண்ணீரோடு சரி, கெட்டாலும் மெஷின் நிற்காது. விலைப் பட்டியலைப் பார்த்து மட்டும் குறைத்தபோது எனக்கு இந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

அதே டீலர் போன மாதம் இன்னொரு யோசனை சொன்னார், டிரம்மையும் 202க்கு மாற்றலாமே, காந்தம் வைத்தால் இரண்டும் ஒன்றுதானே என்று. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, உண்மைதான். ஆனால் 304இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202இல் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். உப்பும் புளிப்பும் படும் இடத்தில் அது சீக்கிரம் புள்ளி புள்ளியாக அரிக்கும். அடையாளம் காண எங்களிடம் ஒரு சின்ன பாட்டில் டெஸ்ட் திரவமும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இருக்கின்றன. ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு மிகுந்த ஷீட்டில் சொட்டு சிவக்கும். டிரம்முக்கு வருகிற ஒவ்வொரு ஷீட்டிலும் நானே அதைச் செய்து பார்க்கிறேன். டிரம் மாறாது என்று டீலரிடம் சொல்லிவிட்டேன். பாடி 202 என்பதையும் இப்போது பில்லிலேயே எழுதுகிறேன், வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும்.

அப்படியானால் விலையை எதில் பிடிப்பது? விடை ஸ்கிராப் மூலையில் கிடந்தது. எட்டடிக்கு நாலடி ஷீட்டின் அகலம் 1,219 மில்லிமீட்டர். எங்கள் பாடியின் உயரம் 420. ஒரு ஷீட்டில் குறுக்கே இரண்டு பட்டைதான் வரும், 379 மில்லிமீட்டர் பட்டை ஒன்று மிஞ்சிப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஒரு பட்டையை இரண்டாக வெட்டி இரண்டு எல் வடிவமாக மடக்கினால் ஒரு மெஷினின் நான்கு பக்கமும் ஆகிவிடும். பாடி உயரத்தை 405 ஆக்கினால் மூன்று பட்டை வருகிறது. 405ஐ மூன்றால் பெருக்கினால் 1,215, ஷியரிங் மெஷின் வெட்டுக்குச் சேதாரம் இல்லை. கால்களை 15 மில்லிமீட்டர் நீட்டிவிட்டேன், மெஷின் உயரம் மாறவில்லை, கீழே கூட்டிக் கழுவவும் வசதியாகிவிட்டது.

28 கிலோ ஷீட், கிலோ 150 ரூபாய்க்கு 4,200. முன்பு அதில் இரண்டு மெஷின், இப்போது மூன்று. மெஷினுக்கு 2,100 ஆக இருந்தது 1,400 ஆனது. ஸ்கிராப் விற்று வந்த பணம் இனி வராது, அதைக் கழித்தாலும் 450 ரூபாய் நிற்கிறது. ஏழு வருடமாக அந்த 379 பட்டையைக் கண்ணெதிரே எடைக்குப் போட்டிருக்கிறேன். கொட்டேஷன் கேட்டு அலைந்த நேரத்தில் ஒருநாள் டேப்பை எடுத்து அளந்திருக்கலாம்.

அந்த 450இல் 160ஐப் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு 250க்கு, பாரம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் கட்-அவுட் சேர்த்தேன், 7 ஆம்பியர். இது முதலிலேயே இருந்திருந்தால் அக்காவின் வைண்டிங் எரிந்திருக்காது, மெஷின் நின்று நின்று நம்மைக் கூப்பிட்டிருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாக மறுபடி ஆன் ஆகிற வகை வேண்டவே வேண்டாம். ஏன் நின்றது என்று டிரம்முக்குள் கை விட்டுப் பார்க்கும் நேரத்தில் அது ஓடத் தொடங்கினால் விரல் போய்விடும். பட்டனை நாமே அமுக்கினால்தான் ஓடும் வகையைப் போடுங்கள்.

ஜூலை இரண்டாவது வாரம் குழவிகளை எடுத்துக்கொண்டு திருப்பூர் போனோம். மாட்டி, அதே அளவு அரிசி போட்டு ஓட்டினால் 5.6 ஆம்பியர். அக்கா மீட்டரைப் பார்க்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லி, மாவை விரலில் எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு புறங்கையில் தடவிச் சூட்டைப் பார்த்தார். "இப்ப சரிங்க தம்பி" என்றார். நான் பணம் வாங்கவில்லை, மே மாதம் வைண்டிங்குக்கு வாங்கியதையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டார், இரண்டு பாக்கெட் மாவும் கொடுத்து அனுப்பினார்.

மீதி எட்டு மெஷின்களுக்குப் புகார் வருவதற்கு முன்பே நாங்களாகப் போய் மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஆறு முடிந்தது. அதில் மூன்றில் குழவி ஏற்கனவே கையால் சுற்ற முடியாத அளவு இறுகியிருந்தது, இரண்டில் இறுகத் தொடங்கியிருந்தது. ஒன்றில் மட்டும் நன்றாகச் சுற்றியது. அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாள்தான் ஆட்டுகிறார்கள், மீதி நாளெல்லாம் குழவியைக் கழற்றி வெயிலில் காய வைக்கிறார்கள். பாக்கி இரண்டும் தேனிப் பக்கம் இருக்கின்றன. புஷ் கடைந்து டப்பாவில் போட்டு வைத்தாயிற்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம்.